முழங்கைக்கும் ஸ்கேன் உண்டா?

எங்கள் கொத்தமங்கலத்தில் 'ஸ்கேன்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "அவ ஸ்கேனுக்குப் போயிருக்கா" என்று யாராவது சொன்னால், மூணாவது மாசமா அஞ்சாவது மாசமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதனால் காரைக்குடியில் எலும்பு டாக்டர் ஒருவர் என் அத்தையின் வலது முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பாத்துடலாம்" என்று சொன்னபோது, ஐம்பத்தெட்டு வயது அத்தைக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பு ஸ்கேனு?"

சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கர்ப்பிணிகள், கூட வந்த மாமியார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டை இரண்டு முறை படித்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "முழங்கைக்கெல்லாம் இங்க பாக்குறதில்ல சார், மதுரைக்குப் போயிடுங்க" என்றார். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு மெஷின் இருக்கிறது, அதற்கு அந்த வேலையைச் செய்யத் தெரியும், ஆனால் செய்யாது என்றால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஏன் செய்யாது என்று தேட ஆரம்பித்தேன். அது கிளாஸ்கோ வழியாக உசிலம்பட்டிக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் கூட்டிக்கொண்டு போனது.

முதலில் அந்த முழங்கையைப் பற்றி. அத்தை பலகாரம் போடுபவர். செட்டிநாட்டுக் கல்யாணங்களுக்கும் சாந்திக் கல்யாணங்களுக்கும் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம் என்று டின் டின்னாகப் போகும். முப்பது வருஷமாகத் தேன்குழல் அச்சைப் பிடித்து அழுத்திய கை. மணிக்கட்டைக் கொஞ்சம் மேல்நோக்கி மடக்கி, இறுகப் பிடித்து, எண்ணெய்ச் சட்டிக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பிழிய வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் பலவும் ஒரே தசைநாணாகத் திரண்டு, முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முண்டில் போய் ஒட்டுகின்றன. ஒரு பெரிய விரல்நகம் அளவுகூட இல்லாத இடம். பிடி இறுகும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் இழுபடும். அங்கே வருவதுதான் டென்னிஸ் எல்போ.

டென்னிஸ் ராக்கெட்டை நேரில் பார்த்திராத ஒருவருக்கு டென்னிஸ் எல்போ என்பது நம் நாட்டில் புதிதில்லை. 2004-இல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்து, 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன் வரை போன பிறகுதான் இந்தப் பெயர் நம் டீக்கடைகளுக்கு வந்தது. பெயரே ஒரு விபத்து. இந்த வலியை மருத்துவ எழுத்தில் முதலில் விவரித்தவர் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர், 1873-இல். அவர் பார்த்தது பேனா பிடித்து எழுதுகிறவர்களின் கையை. இங்கிலாந்தில் விங்ஃபீல்ட் தன் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கியது அதற்கு அடுத்த வருஷம், 1874-இல். விளையாட்டு பணக்கார வீடுகளில் பரவியதும், 1883-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் 'லான் டென்னிஸ் எல்போ' என்ற பெயர் ஏறிவிட்டது. குமாஸ்தாவின் வலிக்குப் பெயர் வைக்க யாரும் அவசரப்படவில்லை. பிரபு மட்டையைத் தூக்கியதும் பெயர் வந்துவிட்டது. உலகத்தில் இந்த வலி இருப்பவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடுபவர்கள் இல்லை. கொத்தனார், பெயின்டர், தையல்காரர், சமையல்காரர்தான்.

ரொம்ப நாள் இதை 'வீக்கம்', 'அழற்சி' என்றுதான் நினைத்தார்கள். 1979-இல் நிர்ஷெல், பெட்ரோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஆபரேஷனில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததை எழுதினார்கள். அழற்சிக்கான செல்களைக் காணோம். இருந்தது குலைந்துபோன நார்களும், தேவையில்லாமல் முளைத்த ரத்தக்குழாய்களும். பாவு அறுந்த தறி மாதிரி. ஆனாலும் அழற்சிக்கான ஊசி போடும் வழக்கம் நிற்கவில்லை. 2006-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் மற்ற எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சும்மா காத்திருந்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அத்தை அப்போது ஏற்கெனவே இரண்டு ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி முகூர்த்த ஆர்டர் முழுக்க அந்தத் தெம்பில் போட்டார். தைக்குள் செம்பில் தண்ணி மொண்டு குடிக்க முடியாமல் போய்விட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டென்னிஸ் எல்போவுக்கு எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. அனுபவமுள்ள டாக்டர் விரலால் அழுத்தி, மணிக்கட்டைத் தூக்கச் சொல்லியே கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே தணிந்தும் விடும். தணியாதவர்களுக்குத்தான் கேள்வி. தசைநாண் வெறுமனே நைந்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா? சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? வலி தசைநாணிலிருந்துதான் வருகிறதா, பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதால் வருகிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கிழிந்த இடத்தில் மூன்றாவது ஊசியும் போட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்தக் காரைக்குடி டாக்டரின் பயம்.

மதுரையில் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுவார்கள் என்று பணத்தோடு போயிருந்தேன். அங்கிருந்த இளம் மருத்துவர், "அல்ட்ராசவுண்டே போதும், வாங்க" என்றார். முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி தலையணையில் வைத்து, ஜெல் தடவி, தட்டையான ஒரு புரோபை வைத்தார். அத்தையும் நானும் திரையைப் பார்த்தோம். மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே எலும்பின் வெள்ளை விளிம்பு. இடையில் தசைநாண், சீவிய தேங்காய் நார் மாதிரி வரி வரியாக. எலும்பில் ஒட்டும் இடத்தில் மட்டும் வரிகள் கலைந்து ஒரு கறுப்புத் திட்டு. டாக்டர் புரோபை ஒரு துளி சாய்த்தார். நன்றாக இருந்த தசைநாணும் கறுத்தது. நிமிர்த்தினார், வெளுத்தது. "நேரா விழுந்தாத்தான் எதிரொலி திரும்பும். சாய்ஞ்சா, நல்ல நாரும் கெட்டுப்போன மாதிரிதான் தெரியும்" என்றார். மயில்கழுத்துப் பட்டைத் திருப்பினால் பச்சையும் நீலமும் மாறுவதுபோல. எந்தக் கோணத்திலும் வெளுக்காத கறுப்புதான் நோய். இது மெஷின் சொல்லும் விஷயமில்லை. பிடித்திருக்கும் கைக்குத் தெரிய வேண்டும். பிறகு இடது முழங்கையையும் பார்த்தார், ஒப்பிட. பிறகு மணிக்கட்டை ஆட்டச் சொல்லி, நார் நகர்வதைப் பார்த்தார். ஆடும்போது பார்க்கும் இந்த வசதி எம்.ஆர்.ஐ.யில் கிடையாது. இருபது நிமிஷம். ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல் இருந்தது. ஊசி வேண்டாம் என்று முடிவானது.

அங்கே எனக்கு உறுத்தியது, அந்த மெஷின்தான். காரைக்குடி சென்டரின் கதவு இடுக்கில் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேமாதிரி மெஷின்.

எஞ்சினியர் கணக்கு ஒன்று போட்டுக்கொள்கிறேன். உடம்புக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடுகிறது. கர்ப்பப்பையைப் பார்க்க 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவு போதும். அலைநீளம் 0.44 மில்லிமீட்டர். ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் குறைவு. முழங்கைத் தசைநாண் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயே போகலாம். அலைநீளம் 0.15 மில்லிமீட்டர். ஆழம் போகாது, ஆனால் நார் நாராகத் தெரியும். வளைந்த புரோபு வயிற்றுக்கு, தட்டைப் புரோபு முழங்கைக்கு. இரண்டும் ஒரே டிராலியில் தொங்கும், ஒரே திரையில் வேலை செய்யும். இந்த 'ஒரே டிராலி' என்பதில்தான் வரலாறே இருக்கிறது.

ஒலியை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததைத் தேடும் வேலை கடலில் தொடங்கியது. 1880-இல் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். முதல் உலகப்போரில் பால் லாஞ்சவன் அதே படிகத்தால் நீருக்கடியில் ஒலி அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடினார். போர் முடிந்த பிறகு அந்த ஒலி, தொழிற்சாலைகளில் இரும்புக்குள் வெடிப்பு தேடப் போனது. 1955-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பிரசவ மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், பக்கத்து ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்கு, ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒப்பிட ஒரு மாட்டிறைச்சித் துண்டும். இரும்பில் வெடிப்பு தேடும் கருவி, திரவம் நிறைந்த நீர்க்கட்டிக்கும் திடமான கட்டிக்கும் வேறு வேறு எதிரொலி காட்டியது. டாம் பிரவுன் என்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் எஞ்சினியர் இதைக் கேள்விப்பட்டு, பேராசிரியருக்குத் தானே போன் போட்டுப் பேசி, கூடச் சேர்ந்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அவர்தான். மருத்துவம் படிக்காதவர், யாரும் கூப்பிடாமலேயே போனவர். 1958-இல் டொனால்ட், மக்விகார், பிரவுன் மூவரும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரைதான் வயிற்று ஸ்கேனின் பிறப்புச் சான்றிதழ். ஆபரேஷன் செய்ய முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. எடுத்தார்கள், பிழைத்தார்.

அதே 1958-இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் டுசிக்கும் அவருடன் வேலை பார்த்தவர்களும், மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் அல்ட்ராசவுண்டை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்து எழுதியது. தோல், தசை, தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு. மூட்டு ஸ்கேனின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வயிறும் மூட்டும் ஒரே வருஷம் பிறந்த இரட்டைகள். ஒன்றைத் தூக்கி வளர்த்தார்கள், மற்றொன்று திண்ணையில் கிடந்தது. முழங்காலின் பின்புறம் வரும் நீர்க்கட்டியை ரத்தக்கட்டிலிருந்து பிரித்துக் காட்டியது 1972-இல். ருமாட்டாய்டு மூட்டுவாதத்தில் முழங்கால் வீங்குவதைப் படமாக்கியது 1978-இல். தசைநாணின் நார் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அதிர்வெண் உயர்ந்த புரோபுகள் கைக்குவந்தது அதற்கும் பிறகு.

மூட்டு ஸ்கேன் மெல்ல வளர்ந்த அந்த இடைவெளியில் இந்தியாவுக்குள் மெஷின் வந்துவிட்டது. வந்தது வயிற்றுக்காக. எழுபதுகளின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் கரு நோய் கண்டறிய என்று தொடங்கிய பனிக்குட நீர்ச் சோதனை, சீக்கிரமே ஆணா பெண்ணா என்று பார்க்கும் சோதனையானது. அரசு மருத்துவமனைகளில் தடை வந்ததும் அது தனியார் கிளினிக்குக்கு நகர்ந்தது. இன்று ஐந்நூறு ரூபாய் செலவழித்தால் நாளைக்கு வரதட்சணையாக ஐம்பதாயிரம் மிச்சம் என்ற கணக்கை விளம்பரமாகவே போட்டார்கள். அல்ட்ராசவுண்ட் வந்தபோது ஊசிகூட வேண்டாம், ஜெல் போதும் என்றாகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கதை உண்டு. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. எருக்கம்பாலும் நெல்மணியும் நாடு முழுக்கத் தெரிந்தன. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. அதே 1994 செப்டம்பரில்தான் நாடாளுமன்றம் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மகாராஷ்டிரா அதற்கு முன்பே, 1988-இல், தனக்கென ஒரு சட்டம் போட்டிருந்தது. நாடு தழுவிய சட்டம் 1996 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வந்தது, தூங்கியது. 1991 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள். 2001-இல் 927. சேலம் மாவட்டத்தில் 851.

இந்த எண்களுக்கு முன்னால் எந்த முழங்கையும் பேச முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2000-இல் மும்பையின் செஹத், புனேயின் மாசூம் என்ற இரண்டு அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சட்டம் இருக்கிறது, யாரும் செயல்படுத்தவில்லை என்பது வழக்கு. மெஷின் தயாரிக்கும் கம்பெனிகளிடம், யார் யாருக்கு விற்றீர்கள் என்ற பட்டியலை நீதிமன்றம் கேட்டது. சட்டம் திருத்தப்பட்டு 2003 பிப்ரவரி 14-இல் புது வடிவம் பெற்றது. மருத்துவரின் வாயைக் கட்டுவது முடியாத காரியம். இனிப்பு கொடுத்தால் பெண், கண்ணைச் சிமிட்டினால் ஆண் என்று ஆயிரம் சங்கேதம் உண்டு. அதனால் சட்டம் மெஷினைக் கட்டியது. பதிவு செய்யாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் மெஷினை விற்கவே கூடாது. முதல் குற்றத்துக்கு மூன்று வருஷம்வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'படிவம் எஃப்' நிரப்ப வேண்டும். நிரப்புவதில் பிழை இருந்தாலும் குற்றம்தான். இந்தக் கடுமையைத் தளர்த்தக் கேட்டு மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் தொடுத்த வழக்கை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. படிவம்தான் கண்காணிப்பின் ஒரே தடயம், அதை நீர்த்துப்போக விட்டால் சட்டமே இல்லை என்பது அதன் நிலை.

என் தொழிலில் இதற்கு 'டிஃபால்ட் டினை' என்று பெயர். எது ஆபத்து என்று பிரிக்க முடியாதபோது எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, பதிவானவரை மட்டும் உள்ளே விடுவது. சட்டம் புரோபைப் பார்ப்பதில்லை, மெஷினைப் பார்க்கிறது. ஆகவே தோள்பட்டையும் முழங்கையும் மட்டுமே பார்க்கப்போகிற ஒரு மூட்டு மருத்துவர் மெஷின் வாங்க வேண்டும் என்றாலும், கருவறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். 2012 விதித் திருத்தம் கையடக்க மெஷினுக்கு இன்னும் இறுக்கம் போட்டது. பதிவான மருத்துவமனைக்குள், உள்நோயாளிகளுக்கு அல்லது நடமாடும் மருத்துவ ஊர்தியின் ஒரு பகுதியாக மட்டும். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் மூட்டுவாத மருத்துவர் ஸ்டெதஸ்கோப் மாதிரி புரோபை எடுத்து மூட்டில் வைக்கிறார். போனில் செருகும் அளவு மெஷின்கள் வந்துவிட்டன. ஒரு பிசியோதெரபிஸ்ட் அதைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பலகாரக் கொட்டகைக்கும், ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைக்கும் போய்க் கைகளைப் பார்க்கலாம் என்று கற்பனை செய்வது சுலபம். இங்கே அது குற்றம்.

மென்பொருளால் பூட்டலாமே என்று எனக்கும் தோன்றியது. தட்டைப் புரோபு மட்டும் வேலை செய்யும் மெஷின், ஆறு சென்டிமீட்டருக்குக் கீழே படமே காட்டாத மெஷின். ஆனால் பூட்டு எழுதுகிறவனுக்குத்தான் பூட்டு எப்படி உடையும் என்று தெரியும். கோலாப்பூரில் 2010 வாக்கில் ஸ்கேன் மெஷினோடு 'சைலன்ட் அப்சர்வர்' என்ற பதிவுக் கருவியை இணைத்து ஒவ்வொரு ஸ்கேனையும் சேமித்துப் பார்த்தார்கள். மருத்துவர்கள் நோயாளியின் அந்தரங்கம் என்று எதிர்த்தார்கள். இன்னொரு பக்கம் தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் கையடக்க மெஷினோடு வீட்டுக்குள் வைத்தே ஸ்கேன் பார்த்தவர்கள் கைதான செய்திகள் கடந்த சில வருஷங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, "முழங்கைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள்" என்று மனு எழுத என் கை வரவில்லை. விதிவிலக்கு வழியாக முதலில் நுழைகிறவன் யார் என்று தெரியும்.

இதோடு விட்டிருந்தால் கதை எளிமையாக முடிந்திருக்கும்: சட்டம் நல்லது, முழங்கை கொடுத்த விலை, அவ்வளவுதான் என்று. ஆனால் காரைக்குடி சென்டர் பதிவான சென்டர். சுவரில் 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா எனச் சொல்வது தண்டனைக்குரிய குற்றம்' என்ற பலகை பளிச்சென்று தொங்குகிறது. டிராலியில் தட்டைப் புரோபு இருக்கிறது, தைராய்டு பார்க்க. எந்தச் சட்டமும் அதை அத்தையின் முழங்கையில் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவம் எஃப் கூடத் தேவையில்லை, அது கர்ப்பிணிக்குத்தான். ஆனாலும் திருப்பி அனுப்பினார்கள்.

காரணம், நான் நினைக்கிறேன், 2014 விதிகளில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டுமானால் ஆறு மாதப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. அதன் பாடத்திட்டத்தின் பெயரிலேயே வயிறும் இடுப்பும்தான் இருக்கின்றன. தவறான கைகளுக்கு மெஷின் போகக் கூடாது என்று போட்ட விதி, சரியான கைகளையும் வயிற்றுக்கு மட்டுமே பழக்குகிறது. சந்தையும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. கர்ப்பிணி ஒவ்வொருவரும் மூன்று நான்கு முறை வருவார், வந்தே தீருவார். முழங்கை இருபது நிமிஷம் எடுக்கும், மாதத்துக்கு ஒன்று வரும். புரோபைச் சாய்த்தால் நல்ல நாரும் கறுக்கும் என்று ஒருமுறைகூடப் பார்த்திராதவர், மாதத்துக்கு ஒன்று வரும் முழங்கையில் கைவைக்கப் பயப்படுவது நியாயம்தான். மெஷின் பூட்டிய அறைக்குள்தான் இருக்கட்டும். அந்த அறைக்குள் மூட்டு பார்க்கத் தெரிந்த ஒருவர் வாரத்தில் ஒரு மதியம் உட்காருவதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனைகளில் இருக்கும் மெஷின்களுக்கும் இது பொருந்தும்.

இயன் டொனால்ட் தன் வாழ்க்கையின் பிற்பகுதியை கருக்கலைப்புக்கு எதிராகப் பேசுவதில் கழித்தார். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர், கருவுக்குள் அசையும் சிசுவின் படங்களை அதற்குச் சாட்சியாகக் காட்டியவர். அவருடைய அரசியல் என் அரசியல் இல்லை. அவர் இறந்தது 1987-இல், உசிலம்பட்டிக் கட்டுரை வந்த அடுத்த வருஷம். பாய்லரில் வெடிப்பு தேடிய கருவி சேலத்திலும் அமிர்தசரஸிலும் என்ன தேடிக்கொண்டிருந்தது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.